அம்மா கேட்ட கொலாஜன் பவுடர்

எலும்பு என்றாலே நமக்குக் கால்சியம்தான். ஆனால், அது கான்கிரீட் மாதிரி. உள்ளே கம்பியாக இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். இந்த வடிவத்தை 1954-ல் முன்வைத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்!

இந்தக் கம்பி எலும்பைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஸ்டெம் செல்லுக்கு 'நீ என்னவாகணும்' என்றும் சொல்கிறது. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொலாஜன் பூசிய ஜெல் மீது ஸ்டெம் செல்களை விட்டார்கள். மெத்தென்ற ஜெல்லில் அவை நரம்பு செல் போலவும், விறைப்பான ஜெல்லில் எலும்பு செல் போலவும் மாறத் தொடங்கின. கண்ணில்லாத செல், தடவிப் பார்த்தே முடிவெடுக்கிறது. எனக்கு இன்னும் ஆச்சர்யம் தீரவில்லை.

மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்திருக்கும் அம்மா, "கொலாஜன் பவுடர் குடிச்சா எலும்பு சீக்கிரம் கூடுமாடி?" என்று விளம்பரத்தைக் காட்டினார். குடிக்கும் கொலாஜன் முறுக்கிய கயிறாகவே எலும்புக்குப் போகாது. செரித்து, சிறு துண்டுகளாகத்தான் ரத்தத்தில் கலக்கும். கயிற்றை உடம்பேதான் புதிதாகத் திரிக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி கட்டாயம் என்றேன்.

டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரை தொடர்கிறது. பவுடர் ஆர்டர் மட்டும் கேன்சல். இப்போது தினமும் டிபனுக்கு நெல்லிக்காய்த் துவையல்!