முகத்துக்கு முகமூடி உண்டு, குரலுக்கு?

2006 நவம்பரில் நின்டென்டோவின் வீ கன்சோல் வெளிவந்தபோது அதில் ஒரு வேடிக்கை இருந்தது. ஆளுக்கொரு பொம்மை செய்துகொள்ளலாம். அதற்குப் பெயர் மீ. வட்ட முகம், கோணல் மூக்கு, தாத்தா மீசை, எது வேண்டுமானாலும் வைக்கலாம். செய்த பொம்மையை ரிமோட்டிலேயே பதிந்து நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். டென்னிஸ் ஆடினால் பந்து மட்டையில் படும் சத்தம் அதே ரிமோட்டில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் கேட்கும். உருவமும் ஒலியும் ஒரே கைக்குள்!

பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். 2008 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு அவதார் வந்தது. அடுத்த மாதமே சோனி, பிளேஸ்டேஷன் 3ல் ஹோம் என்ற முப்பரிமாண உலகத்தைத் திறந்தது. அவதாருக்குச் சட்டை, தொப்பி, வீடு எல்லாம் காசுக்கு விற்றார்கள். 2015 மார்ச்சோடு ஹோம் மூடப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் அவதாரை அலங்கரிக்கும் செயலியும் 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

காதையும் கவனித்தார்கள். 2020ல் வந்த பிளேஸ்டேஷன் 5ல் முப்பரிமாண ஒலிக்கென்றே டெம்பஸ்ட் என்ற தனிப் பகுதி உண்டு. எதிரி பின்னால் வருகிறானா, மாடியில் நடக்கிறானா என்று ஹெட்போனிலேயே தெரியும். காதின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், கேட்கும் விதத்தையும் அவரவர் தேர்ந்தெடுக்கலாம்.

முகத்துக்கு இவ்வளவு, காதுக்கு இவ்வளவு. சரி, குரலுக்கு?

யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளி மாணவி ஆன்லைனில் ஆடுகிறாள். அவளுடைய அவதார் இரும்புக் கவசம் போட்ட போர்வீரன். பெயரும் அப்படியே. அதுவரை அவளும் அணியில் ஒருத்தி, அவ்வளவுதான். மைக்கைத் திறந்து "இடது பக்கம் ஆள் வருது" என்று ஒரு வார்த்தை சொன்னதும் கதை மாறிவிடுகிறது. ஒருவன் கேலி செய்கிறான், இன்னொருவன் வயசு கேட்கிறான். மறுநாளிலிருந்து அவள் மைக்கைத் திறப்பதே இல்லை. திக்கிப் பேசும் பையனுக்கும், குரல் உடையும் வயதில் இருப்பவனுக்கும் இதே நிலைதான். பேசாமல் ஆடினால் தோல்வி, பேசினால் கேலி.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 2002ல் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியபோதே குரலை மாற்றிப் பேசும் வசதி இருந்தது. ரோபோ மாதிரி, கார்ட்டூன் மாதிரி பேசலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதற்குள் நல்ல எண்ணம் ஒன்று இருந்தது. ஆனால் அவதார் வளர்ந்த அளவுக்கு அது வளரவில்லை.

இப்போது அதற்கு வேளை வந்துவிட்டது. அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கான சிப்பை ஏஎம்டியோடு சேர்ந்து உருவாக்குவதாக மைக்ரோசாப்ட் 2025 ஜூனில் அறிவித்தது. சோனியும் ஏஎம்டியோடு கைகோத்திருக்கிறது. இரண்டு பக்கமும் செயற்கை நுண்ணறிவுப் பேச்சுதான். அந்தத் திறமையில் ஒரு துளியைக் குரலுக்கு ஒதுக்கினால், ரோபோக் குரலாக இல்லாமல் இயல்பான இன்னொரு குரலாகவே மாற்றித் தரலாம். மூக்கைத் தேர்ந்தெடுப்பது போல அவதாருக்குக் குரலையும் தேர்ந்தெடுக்கலாம். அந்த வேலை கன்சோலுக்குள்ளேயே முடிய வேண்டும். உண்மைக் குரல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகக்கூடாது.

குரலை மறைத்தால் திட்டுகிறவனுக்கும் வசதிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புகார் போவது குரலின் மேல் அல்ல, கணக்கின் மேல். 2023லேயே எக்ஸ்பாக்ஸில் கடைசி 60 வினாடிகளைப் பதிந்து புகார் அனுப்பும் வசதி வந்துவிட்டது. குரல் மாறினாலும் கணக்கு மாறாது.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2ல் மைக் உள்ளேயே இருக்கிறது, பேசுவதற்கென்றே தனிப் பொத்தானும் உண்டு. 16 வயதுக்குள் இருப்பவர்கள் பெற்றோர் அனுமதியோடுதான் பேச முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் பேச அனுமதி கிடைப்பது வேறு, பயமில்லாமல் பேசுவது வேறு. வரப்போகும் கன்சோல்கள் அந்த இரண்டாவதைக் கொடுத்தால், மைக்கை மூடி வைத்திருக்கும் அந்த மாணவியும் மறுபடி "இடது பக்கம் ஆள் வருது" என்று கத்துவாள். அணியும் ஜெயிக்கும்!