துரை வீடு

அப்பாவின் இ.எக்ஸ்.ஃபைவ் மோட்டார் எழுபதைத் தாண்டினால் நடுங்கும். எனக்கும் அவசரமில்லை. ஞாயிறு காலை தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய சாலையிலேயே கிளம்பினேன். ஸ்லிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார். பீடோரில் கொய்யா வாங்கி முன்கூடையில் போட்டுக்கொண்டேன். கோப்பேங்கில் பத்து காஜா பக்கம் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

கெல்லிஸ் காஸலுக்குப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார். "கட்டி முடிக்காத வூட்டுல என்னாத்தடா பாக்கப் போற?" அவர் பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். ஒருநாளும் உள்ளே போனதில்லையாம்.

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மெட்ராஸ் பக்கமிருந்து செங்கல்லும் வந்தது, ஆட்களும் வந்தார்கள். ஸ்பானிஷ் காய்ச்சலில் அவர்களில் பலர் செத்துப்போனார்கள். 1926-இல் துரையும் லிஸ்பனில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். வீடு பாதியில் நின்றது.

எனக்குப் பிடித்தது லிஃப்டுக்காக விட்ட குழி. மலாயாவின் முதல் லிஃப்ட் இங்கேதான் வந்திருக்கும் என்கிறார்கள். தலையை உள்ளே நீட்டி, எதிர் எடை எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. பின்னால் ஒரு ஜோடி செல்ஃபிக்காகக் காத்திருந்தது.

பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். காய்ச்சலுக்குப் பிறகு தொழிலாளர்கள் கேட்டு எழுப்பியது. கூரையில் சாமிகளுக்கு நடுவில் வெள்ளை கோட்டு, தொப்பியோடு ஒருவர் நிற்கிறார். கெல்லி துரையாம். நன்றிக்காக ஏற்றினார்களா, இனியாவது எங்களைப் பார்த்துக்கொள் என்று ஏற்றினார்களா? கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டு அவருடைய லயத்துக்கு வழி கேட்டேன். "செம்மண் ரோட்டுல நேரா போ. கொழாயடி வரும். அதுக்குப் பின்னாடி ரெண்டாவது வூடு."

செம்மண் ரோடு இருந்தது. குழாயடி இல்லை, லயம் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. யாருமே குடியிருக்காத வீட்டுக்குச் சுவர் பூசி, விளக்குப் போட்டு, டிக்கெட் விற்கிறார்கள். மூன்று தலைமுறை குடியிருந்த இடத்தில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. கொசுக்கடியோடு அரைமணி நேரம் சுற்றினேன். கடைசியில் புல்லுக்கடியில் நாலடி நீளத்துக்கு ஒரு சிமெண்ட் லோங்காங். வீட்டு வரிசைக்கு முன்னால் ஓடியதாக இருக்கவேண்டும். படமெடுத்து அனுப்பினேன்.

கம்பாரில் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

"இது நம்ம லோங்காங் இல்லடா. நம்மளது இன்னும் அகலம்."