தேன்சிட்டு வராத ஊரில்

பெயர் ரெட் ஹாட் போக்கர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பி. மொட்டெல்லாம் சிவப்பு, விரிய விரிய மஞ்சள். கீழிருந்து மேலாக விரிவதால் கம்பியின் நுனி மட்டும் இன்னும் அடுப்பில் இருப்பதுபோலத் தெரியும்.

லண்டனில் வாடகை வீட்டின் பின்பக்கம் நாலு வருஷமாக ஒன்று வளர்க்கிறேன். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. அங்கே அந்தக் குழல் பூக்களில் தேன்சிட்டுகள் வந்து குடிக்கும். இங்கே அந்தப் பறவையே கிடையாது. தேனீக்கள் வருகின்றன, சந்தோஷம்தான். ஆனாலும் ஊரில் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் காலித் தண்டு உறுத்தும்.

குளிரைவிட ஈரம்தான் இதற்கு எமன். எங்களுடையது களிமண். அதனால் மேடாக்கி, பொடிக்கல் கலந்து நட்டேன். குளிர்காலத்துக்கு முன் இலைகளை வெட்டக்கூடாது. கொண்டை போடுவதுபோல மொத்தமாக அள்ளிக் கட்டணும், நடுக்குருத்தில் தண்ணி தேங்காது. வசந்தம் வந்த பிறகுதான் கத்தரி.

இந்த ஏப்ரலில் வீட்டைக் காலி செய்யணும். பிரித்து நடவும் அதுதான் காலம். ஆனால் இடம் மாற்றினால் இது கோபித்துக்கொள்ளும்; ஒன்றிரண்டு வருஷம் பூக்காமலே இருக்கலாம். அடுத்த வீட்டின் ஒப்பந்தமோ ஒரே வருஷம்.

"பாதியை வெட்டி எடுத்துக்கோடி, பாதி அங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா, போனில்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் மண்வெட்டி கேட்டிருக்கிறேன். இங்கே இருக்கப்போகும் பாதிக்காக, அக்டோபரில் கொண்டை போடும் விதத்தைப் படத்தோடு எழுதிச் சமையலறை ஜன்னலில் ஒட்டியாச்சு.