லென்ஸில் இருக்கும் இரண்டாவது ஜோடி எண்கள்

2003-இல் கேனான் 300டி வந்தபோது அமெரிக்காவில் லென்ஸோடு சேர்த்து அதன் விலை 999 டாலர். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். சாதாரண ஆட்களுக்கும் எட்டும் என்று காட்டிய கேமரா அது. கூடவே வந்த ஜூம் லென்ஸின் முகப்பில் 18-55 மி.மீ., 1:3.5-5.6 என்று இருக்கும். பிறகு வந்த பல கம்பெனிகளின் கிட் லென்ஸ்களிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான்.

முதல் ஜோடியை எல்லோரும் படிக்கிறார்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு கிட்டே இழுக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது ஜோடியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆடித் தள்ளுபடி போர்டில் "50%" ஆளுயரத்துக்கும் "வரை" எறும்பு சைஸிலும் இருக்குமே, அந்தக் கதைதான் இது. 3.5 என்பது 18-இல் மட்டும் கிடைக்கும் சலுகை. 55-க்குப் போனால் 5.6-க்கு மேல் துவாரம் திறக்காது. 3.5 என்று செட் பண்ணிவிட்டு ஜூம் செய்தாலும் கேமரா தானாகவே மாற்றிக்கொள்ளும்.

சரி, இந்த எண் எங்கிருந்து வருகிறது? குவிய தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 5 மி.மீ. 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 10 மி.மீ. துவாரம் இரண்டு மடங்கு ஆகியுமா வெளிச்சம் குறைகிறது? ஆமாம், குவிய தூரம் மூன்று மடங்கு ஆகிவிட்டதே! வரவு இரண்டு மடங்கு, செலவு மூன்று மடங்கு என்றால் கையில் நிற்பது குறையத்தான் செய்யும். 5.6-ஐ 3.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.56. அதாவது ஜூமின் கடைசியில் கிடைப்பது ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம்தான்.

வெயிலில் இது உறைக்காது. கல்யாண மண்டபத்துக்குள் உறைக்கும். புது கேமராவோடு வந்த மாப்பிள்ளையின் தம்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 18-இல் 1/60 செகண்ட் போதும் என்றால், 55-இல் 1/25 செகண்ட் ஆகும். ஆனால் ஜூம் கூடக் கூட கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். 300டி மாதிரி சின்ன சென்சார் கேமராவில் 55-க்கு 1/90-ஆவது வேண்டும் என்பது பழைய கணக்கு. வெளிச்சம் குறையும் அதே இடத்தில் வேகமும் கூட வேண்டும். இரண்டு பக்கமும் அடி! ஐ.எஸ். உள்ள லென்ஸ் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். முடிச்சுப் போடும் கையின் அசைவை அது நிறுத்தாது. தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்லவும் முடியாது.

அப்படியானால் எல்லா ஜூமையும் 2.8-ஆகவே செய்யலாமே? 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 மி.மீ. விட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய கண்ணாடி இருப்பதால்தான் 2010-இல் வந்த கேனான் 70-200 எஃப்/2.8 கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. 2013-இல் வந்த 55-250 எஃப்/4-5.6 வெறும் 375 கிராம். விலையிலும் பல மடங்கு வித்தியாசம்.

காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜூமை 18 பக்கமே வைத்து நாலு எட்டு முன்னால் போவது இலவசம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டலாம், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும். இல்லையென்றால் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். ஜூம் கிடையாது, விலை குறைவு, ஆனால் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும்.

கடைக்காரர் எத்தனை எக்ஸ் ஜூம் என்று அவராகவே சொல்லிவிடுவார். முழு ஜூமில் எஃப் எவ்வளவு என்பதை வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.