பெல்ட்டின் அடியில் இருந்த கறை

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற பின், 2021இல் நான் வாங்கிய முதல் கார் அது. வெள்ளை நிற விட்ஸ். மனைவியை மாவனல்லையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஓட்டோவில் கூட்டிப் போவது அவளுக்கு ஒத்துவரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய கார்களெல்லாம் பொன் விலை விற்றன. கொழும்பிலிருந்து வந்த இந்தக் கார் மட்டும் கொஞ்சம் மலிவு. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

முழுக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தேன். பரிசோதிக்க வந்த இளைஞர் செஸி இலக்கத்தைப் படமெடுத்தார், சுற்றிப் பார்த்தார், பிறகு உள்ளே ஏறி சாரதி ஆசனப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்புக் கறை. ஸ்பெயார் டயரைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல்.

"சேர், இது தண்ணிக்குள்ள கிடந்த வாகனம்."

விற்றவருக்கு மூன்று முறை போன் எடுத்த பிறகே கதை வந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டியில் கூரை மட்டும் தெரிய நின்ற கார். திருத்தும் செலவு காரின் பெறுமதியைத் தாண்டும் என்று கணக்குப் பார்த்த அப்போதைய கம்பனி, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரைக் கேள்விமனுவில் விற்றிருக்கிறது. வாங்கியவர் வயர்களை மாற்றி, சீட்டுகளைக் கழுவி ஓடவைத்திருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. "நானும் ஏமாந்துதான் வாங்கின நானா" என்றார் விற்றவர். நம்பினேன்.

அந்தக் கம்பனி முழுக் காப்புறுதி தர மறுத்தது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உடனே கிடைத்தது. புகைச் சான்றிதழோடு அதைக் காட்டினால் வருட லைசன்ஸ் எடுக்கலாம். நான் யாரையாவது மோதினால் அவருக்கு நட்டஈடு கிடைக்கும். என் கார் நொறுங்கினால் எனக்கு ஒரு சதமும் வராது. ஓய்வூதியக் கொடுப்பனவில் பெரும்பகுதி அந்தக் காரில்தான் இருந்தது.

இன்னொரு கம்பனியின் முகவர் என் பழைய மாணவர். வாகனம் முன்பு முழு நட்டமாகக் கணிக்கப்பட்டதா என்று படிவத்தில் ஒரு கேள்வி.

"இல்லண்டு போடுங்க சேர். பெல்ட்ட மாத்திட்டா யாருக்குத் தெரியும்?"

என்மேல் உள்ள அன்பில் சொன்னார். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். நாம் சொல்வதை நம்பித்தான் கம்பனி பொறுப்பெடுக்கிறது. மறைத்தது விபத்தன்று வெளியானால் கட்டிய தவணைகளும் வீண், கேட்ட நட்டஈடும் இல்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் வந்தது நேர்மையல்ல, இந்தப் பயம்தான். 'ஆம்' என்று எழுதி, கராஜ் பில்களையும் இணைத்தேன். மாணவரின் முகம் சற்று வாடியது. மூன்று வாரம் கழித்து, சந்தை விலையைவிட மிகக் குறைந்த தொகைக்கு, மின்கோளாறுகளை விலக்கிக் காப்புறுதி தந்தார்கள். பெல்ட்டை நான் மாற்றவில்லை.

2024இல் மனைவி மௌத்தானாள். கார் வாசலில் சும்மா நின்றது. 2025இல் இறக்குமதி மறுபடி தொடங்கியபின் விற்க நினைத்தேன். கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். தம்பி எஞ்சினைப் பார்த்தார், பெயின்டைத் தட்டிப் பார்த்தார், விலை பிடித்திருப்பது முகத்தில் தெரிந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"கொஞ்சம் உள்ள ஏறுங்க தம்பி" என்று கதவைத் திறந்து, பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன்.