தண்டக் காசு எங்கே போகிறது?



எங்கள் ஊரின் பெயர் கெலாங் பாத்தா. மலாய் மொழியில் 'கெலாங்' என்றால் வளையல். 'பாத்தா' என்றால் உடைந்தது. உடைந்த வளையல் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது, உடைந்த சிலம்பு ஒன்றின் கதையும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். தவறான தண்டனை ஒன்று ஒரு நகரத்தையே எரித்த கதை அது. இன்று நான் எழுத வந்ததும் தண்டனையைப் பற்றியதுதான். ஆனால் உயிரை வாங்கும் பெரிய தண்டனையன்று. பணப்பையைத் திறக்க வைக்கும் சின்னத் தண்டனை.

சில மாதங்களுக்கு முன் பள்ளி முடிந்த நேரத்தில் ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். அவருடைய பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். பாட்டி காலையில் சாலையோரத்தில் வடையும் நாசி லெமாக்கும் விற்பவர். உரிமம் இல்லாமல் கடை போட்டதற்காக நூறு வெள்ளிக்குத் தண்டச் சீட்டு வந்திருந்தது. சீட்டில் உள்ளதைப் படித்துச் சொன்னேன். முன்னதாகவே கட்டினால் தொகையைக் குறைப்பார்களா என்று முகப்பில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். பாட்டி தலையசைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"கட்டிடறேன் சார். தப்பு தப்புதான். ஆனா இந்தக் காசு யாரு கைக்குப் போகுது? சீட்டு எழுதின அந்தப் பையனுக்கா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். என் பெயருக்கே எத்தனையோ சம்மன்கள் வந்திருக்கின்றன, கட்டியிருக்கிறேன். கட்டிய காசு எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் பாட்டி" என்றேன். அப்படி விசாரித்தறிந்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் தண்டப்பணம் மூன்று வழிகளில் பிரிந்து ஓடுகிறது.

முதலாவது, கூட்டரசின் வழி. காவல்துறையும் சாலைப் போக்குவரத்துத் துறையும் அனுப்பும் சம்மன், மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர்நீதிமன்றம் ஆகியவை விதிக்கும் அபராதம், அந்நீதிமன்றங்களில் வழக்குப் பதியக் கட்டும் கட்டணம் ஆகியவை இவ்வழியில் சேரும். அரசமைப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, கூட்டரசு எவ்வகையில் பெறும் வருவாயும் ஒரே தொகுநிதியில் சேர வேண்டும் என்கிறது. சேர்ந்த பணத்தை எடுக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். சம்மன் எழுதிய காவலருக்கோ தண்டித்த நீதிபதிக்கோ அதில் தனிப்பங்கு கிடையாது. அந்தப் பணம் பொதுக்குளத்தில் விழுந்த மழைத்துளிதான். எந்தத் துளி எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று பிரித்தறிய முடியாது. என் சம்பளமும் அந்தக் குளத்திலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, மாநிலத்தின் வழி. அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் மாநிலங்களுக்குரிய வருவாய்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கூட்டரசு நீதிமன்றங்கள் அல்லாத பிற நீதிமன்றங்களின் கட்டணமும் அபராதமும் அந்த வரிசையில் உள்ளன. நம் மாநிலத்தைப் பொறுத்தவரை ஷரியா நீதிமன்றம் அவ்வகையைச் சார்ந்தது. அந்த வரிசையின் முதல் வரியைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாநில வருவாயில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பது கள்ளுக்கடை வருமானம்! நிலமும் சுரங்கமும் காடும் அதற்கு அடுத்த வரியில்தான் வருகின்றன. தோட்டத்துக் கள்ளுக்கடையின் வாசலில் நம் தாத்தாக்கள் விட்டுச்சென்ற காசு நாட்டின் தலையாய சட்டத்திலேயே ஒரு வரியாக நிற்கிறது. வரிசையின் கடைசி வரியில் இருப்பது புதையல். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, நகராண்மைக் கழகம், மாநகர் மன்றம் முதலிய ஊராட்சி அமைப்புகளின் வழி. வாகனம் நிறுத்தியதற்கு, குப்பை கொட்டியதற்கு, உரிமமின்றி விற்றதற்கு அவை வசூலிக்கும் தண்டம் அவற்றின் சொந்த நிதியில் சேர்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மதிப்பீட்டு வரியும் உரிமக் கட்டணமும் சேரும் அதே நிதிதான். கால்வாய் தூர்வாருவதும் குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு எரிவதும் அதிலிருந்துதான். பாட்டியின் காசு சென்ற வழி இது.

இங்கே பெற்றோர்கள் பலர் குழம்பும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் வரும் தண்டம் நீதிமன்றத் தீர்ப்பன்று. 'இத்தொகையைக் கட்டினால் வழக்குத் தொடரமாட்டோம்' என்னும் உடன்பாடு அது. கட்டாமல் விட்டால்தான் நீதிமன்றம். அதேபோல ஜாமீன் பணம் தண்டமன்று. அது பிணைத்தொகை. வழக்கு நாளில் தவறாமல் ஆஜரானால் முடிவில் திரும்பக் கிடைக்கும். வராமல் போனால்தான் பறிபோகும். 'பையனுக்கு ஃபைன் கட்டி வெளியே எடுத்தோம்' என்று சொல்லிவிட்டு, திரும்பப் பெற வேண்டிய பணத்தை மறந்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தபோது, என் மனத்தில் வேறொரு கணக்கு எழுந்தது. அதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது.

2003ஆம் ஆண்டு. நான் பணிக்கு வந்த புதிது. நான்காம் ஆண்டு வகுப்பு; இருபத்தொன்பது மாணவர்கள். தாமதமாக வந்தாலோ வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தாலோ இருபது காசு தண்டம் என்று விதி போட்டேன். ரோத்தான் எடுக்காத ஆசிரியர் என்று பெயர் எடுக்கும் ஆசை எனக்கு. மேசைமேல் ஒரு மைலோ டின் வைத்தேன். யார், எந்த நாள், எதற்காக என்று குறிப்பேட்டில் பதிந்தேன். அந்தப் பணத்தில் வகுப்பறைக்குத் திரைச்சீலை வாங்குவோம் என்று மாணவர்களிடம் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் மாத இறுதியில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு இருந்தது. திரைச்சீலைக்கு இன்னும் ஆறு வெள்ளி குறைந்தது. மறுநாள் காலை வகுப்பறை வாசலில் நின்றேன். மணி அடித்த பிறகு இரண்டு மாணவர்கள் ஓடிவருவதைக் கண்டேன். அந்த நொடியில் என் மனத்தில் எழுந்தது கோபமன்று. மகிழ்ச்சி. நாற்பது காசு வருகிறது என்ற மகிழ்ச்சி.

என்னை நானே பிடித்துக்கொண்ட நொடி அது. அன்று மாலை குறிப்பேட்டை விரித்து எண்ணினேன். மொத்தம் 192 பதிவுகள். அவற்றுள் 51 பதிவுகள் ஒரே மாணவனுடையவை. டின்னில் இருந்த பணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பத்து வயதுப் பையன் கட்டியது. சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் விசாரித்தேன். "அவன் இப்பெல்லாம் ஒண்ணும் வாங்கறதில்ல சார். சும்மாதான் உக்காந்திருப்பான்" என்றார்.

அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா துவாஸில் வேலை. 1998இல் திறந்த இரண்டாவது பாலம் எங்கள் ஊருக்குத் தந்த வாழ்வு அது. விடியுமுன் நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அம்மா தொழிற்சாலைப் பேருந்தில் ஆறு மணிக்குப் போய்விடுவார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் விட்டுவிட்டு, இவன் நடந்து பள்ளிக்கு வர வேண்டும். தாமதம் அவன் குற்றமன்று. அது அந்த வீட்டின் கால அட்டவணை. பத்து வெள்ளி இருபது காசை ஓர் உறையில் போட்டு அவன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்க மறுத்தார். "தப்பு செஞ்சா கட்டத்தானே வேணும் சார்" என்றார். அந்தப் பணிவு இன்றுவரை என்னைச் சுடுகிறது. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இருபதாண்டுகளுக்குப் பின் அந்தக் கேள்வியைத்தான் பாட்டி கேட்டார்.

இந்த அனுபவம் ஒரு வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், குற்றத் தண்டப்பணம் அந்தந்த மாவட்டத்தின் பொதுப்பள்ளிகளுக்கே உரியது என்று அரசமைப்பிலேயே எழுதி வைத்துள்ளார்கள். மிச்சிகன் மாநிலத்தில் அது நூலகங்களுக்குச் சேர்கிறது. முதன்முதலாகப் படித்தபோது, நம் தமிழ்ப்பள்ளிக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அடுத்த நொடி மைலோ டின் நினைவுக்கு வந்தது. நம் பள்ளியின் கூரை ஊராரின் குற்றத்தை நம்பி நின்றால், குற்றம் குறைய வேண்டும் என்று நாம் மனமார வேண்டுவோமா?

அந்த ஆசை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. மிசௌரி மாநிலத்தில் ஃபெர்குசன் என்று ஒரு சிறு நகரம். 2014இல் அங்கே ஓர் இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தார். அதன்பின் அமெரிக்க நீதித்துறை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அந்நகரின் காவல்துறையும் நீதிமன்றமும் மக்களின் பாதுகாப்பைவிட நகரின் வருவாயையே பெரிதாகக் கருதிச் செயல்பட்டன என்று அது கூறியது. கட்ட முடியாத ஏழைகளுக்குத் தண்டத்தின்மேல் தண்டம் ஏறியது, பிடியாணை வந்தது. நான் வாசலில் நின்று நாற்பது காசுக்கு மகிழ்ந்தேன். ஒரு நகரமே அப்படி வாசலில் நின்றிருக்கிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். வள்ளுவர் அரசனுக்குரிய பொருளை எண்ணிச் சொல்லும் இடத்தில் உரிமையாளர் இல்லாத பொருளையும் சுங்கத்தையும் பகைவர் கட்டும் திறையையும் சொல்கிறார். குடிகளைத் தண்டித்துப் பெறும் பொருளை அங்கே சேர்க்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னொரு வழி தெரிகிறது. வேட்டையில் குறிதவறி ஒருவரைக் கொன்றுவிட்டவர், கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடுத்த செய்திகள் பல உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. தண்டம் அரண்மனைக்குப் போகவில்லை. இறந்தவர் நினைவோடு விளக்காய் எரிந்தது.

இப்போது புதையலுக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வார்த்திகன் கதை வருகிறது. அவன் மகன் அணிந்திருந்த நகைகளைக் கண்ட பாண்டியனின் அலுவலர்கள், அரசனுக்குரிய புதையலைத் திருடினான் என்று வார்த்திகனைச் சிறையிட்டார்கள். நகைகளோ அச்சிறுவன் பரிசாகப் பெற்றவை. மனைவி கார்த்திகை அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. உண்மை அறிந்த அரசன் வார்த்திகனை வணங்கிப் பொறுக்கக் கேட்டான், ஊர்களைக் கொடுத்தான். அதோடு நிற்கவில்லை. சிறைகளைத் திறக்கவும் வரிபாக்கியைத் தள்ளவும் ஆணையிட்டு, புதையல் கண்டவருக்கே உரியது என்றும் முரசறைந்தான். அலுவலரைத் தவறிழைக்கத் தூண்டிய வருவாயையே அவன் துறந்தான். என் வகுப்பறையில் நான் செய்ய வேண்டியிருந்ததும் அதுதான்.

அந்த ஆண்டு திரைச்சீலையை என் கைக்காசில் வாங்கினேன். டின்னில் இருந்ததை அவரவர் கணக்குப்படி திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையனின் பங்கைச் சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் கொடுத்து, அவன் பெயரில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் தாமதமாகவே வந்தான். காலைத் திருப்புதல் பாடத்தை மட்டும் பத்து நிமிடம் தள்ளிவைத்தேன்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் சிலவே. சீட்டு வந்தால் எந்த அமைப்பின் சீட்டு என்று முதலில் பாருங்கள்; போகும் இடமும் மேல்முறையீடு செய்யும் இடமும் அதனால்தான் மாறும். தேதியைப் பாருங்கள். 2026 சனவரி முதல் போக்குவரத்துச் சம்மனை 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். நீதிமன்ற அபராதத்தை ஒரே முறையில் கட்ட இயலாவிட்டால் தவணை கேட்கலாம். சட்டம் இடம் தருகிறது. அதிகாரபூர்வ முகப்பில் மட்டும் கட்டி, இரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இரசீது உள்ள காசு பொதுக்காசு. இரசீது இல்லாத காசுதான் ஒருவர் பைக்குள் போகும் காசு. ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று. வகுப்பில் தண்டப் பெட்டி வைத்திருந்தால், குறிப்பேட்டைத் திறந்து யார் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டி ஐம்பது வெள்ளி கட்டிவிட்டு இரசீதோடு வந்தார். காசு யார் கைக்கும் போகவில்லை, ஊர் நிதிக்குப் போய்க் குப்பைக்கும் கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் ஆகிறது என்று விளக்கினேன். இரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எங்க தெரு விளக்குல கொஞ்சம் என் காசும் எரியுதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். பிறகு, உரிமத்துக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டும் என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம்.