வீட்டு வைஃபைக்குள்ளும் காவல் வேண்டும்

கிண்டி தொழிற்பேட்டை போன்ற இடங்களின் சின்ன அலுவலகங்களிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் ஒரு ஃபோல்டரை 'எவரிவன்' என்று ஷேர் செய்துவிடுவது சகஜம். ஆனால் திறந்து கிடக்கும் ஃபைல் ஷேரிங் ஆபத்தானது. 2017 மே 12-இல் பரவிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், யாரும் மின்னஞ்சலைத் திறக்கக் காத்திருக்கவில்லை. விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் (எஸ்எம்பி) 445-ஆம் போர்ட் வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது என்பதுதான் வேதனை.

ரவுட்டர்தான் தடுக்கிறதே என்பார்கள். வெளியிலிருந்து வருவதைப் பெரும்பாலும் தடுக்கும், உண்மைதான். ஆனால் வைஃபை பாஸ்வேர்டு வாங்கிக்கொண்ட விருந்தாளியின் லேப்டாப்புக்கும் உங்கள் கணினிக்கும் நடுவில் அது பொதுவாக நிற்பதில்லை. அங்கே நிற்க வேண்டியது கணினியிலேயே உள்ள ஃபயர்வால். அதைப் போட்டால் ஷேரிங் நின்றுவிடுகிறது என்று மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஃபயர்வாலின் இன்பவுண்ட் விதிகளில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' எஸ்எம்பி விதியைத் திறந்து, ஸ்கோப் பக்கத்தில் உங்கள் மற்றக் கணினிகளின் ஐபி முகவரிகளை மட்டும் கொடுங்கள். ரவுட்டரில் அவற்றுக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் விதி குழம்பாது. பழைய எஸ்எம்பி 1-ஐ அணைத்து, 'எவரிவன்' அனுமதியையும் நீக்குங்கள். அனுமதித்த கணினியிலேயே வைரஸ் புகுந்தால்? அப்போது ஃபயர்வால் உதவாது; கேபிளைக் கழற்றித் தனியே வைத்த பேக்கப் டிஸ்க்தான் கைகொடுக்கும்.